ஆற்றில் எத்தனை வகை மீன்? கணக்கெடுப்பு சொல்வதும் சொல்லாததும்

‘மேல ஆத்துல இப்ப மீனே இல்ல’ என்று ஒருவர் சொல்வார். ‘குளத்துல லொறி லொறியா ஏத்துறாங்க, நீ என்ன கதைக்கிறாய்’ என்று பக்கத்தில் இருப்பவர் மறிப்பார். மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் தேநீர்க் கடைகளில் இந்த வாக்குவாதம் சலிக்காமல் நடக்கும். வேடிக்கை என்னவென்றால், இருவர் சொல்வதும் சரியாக இருக்கலாம். ஒருவர் மீன் வகைகளைப் பற்றிப் பேசுகிறார். மற்றவர் மீனின் எடையைப் பற்றிப் பேசுகிறார்.

ஆற்று மீன்களைக் கணக்கெடுத்த செய்திகள் வரும்போதும் இதே குழப்பம்தான். முதல் தடவை 24 இனம் கண்டார்களாம், பத்து வருடம் கழித்துப் பார்த்தால் 19தானாம், அப்படியென்றால் ஐந்து இனம் அழிந்துவிட்டதாம். (இந்த எண்கள் உதாரணத்துக்காக நான் போட்டுக்கொண்டவை.) அந்த 24உம் 19உம் எப்படி வந்தன என்று யாரும் கேட்பதில்லை. நேரே கழித்தல் கணக்குப் போட்டுவிடுகிறோம். அந்த எண்கள் எப்படிப் பிறக்கின்றன என்பதைத்தான் இங்கே சொல்லப்போகிறேன்.

## மேல் ஆறு வேறு உலகம்

நமக்குத் தெரிந்த ஆறு பெரும்பாலும் அதன் கடைசிப் பகுதிதான். வயலுக்கு நடுவே கலங்கலாக, ஆறுதலாக ஓடி வாவியிலோ கடலிலோ சேரும் ஆறு. ஆனால் கல்லோயா என்று சிங்களத்திலும் பட்டிப்பளை ஆறு என்று நம் பக்கத்திலும் சொல்லப்படும் ஆறு பதுளைக்குக் கிழக்கே உள்ள மலைகளில் பிறக்கிறது. அங்கே அது பாறைக்கு மேல் நுரைத்து ஓடும் குளிர்ந்த தண்ணீர். இங்கினியாகலையில் அணையில் முட்டி, சேனநாயக்க சமுத்திரம் என்ற பெரிய குளமாக விரிந்து, அதன் பிறகுதான் நம் வயல்களுக்கு வருகிறது.

இலங்கையின் உள்ளூர் நன்னீர் மீன்கள் நூறு இனத்துக்குச் சற்றுக் குறைவு. அவற்றில் பாதிக்கு மேல் உலகத்தில் வேறெங்கும் இல்லாதவை. இனம் என்றால், தங்களுக்குள் கூடிக் குஞ்சு பொரித்து, அந்தக் குஞ்சுகளும் பெருகக்கூடிய உயிர்களின் கூட்டம். விரால் ஓர் இனம், சுங்கான் ஓர் இனம். கெண்டை என்று நாம் ஒரே பெயரில் கூடைக்குள் போடுவதற்குள் பல இனங்கள் இருக்கின்றன.

ஓடுகிற தண்ணீரில் வாழும் மீனின் உடம்பே வேறு மாதிரி இருக்கும். கர்ரா என்ற சின்ன மீனை எடுத்துக்கொள்ளுங்கள். கையில் பிடித்து மல்லாத்திப் பார்த்தால், வாய்க்குப் பின்னால் வட்டமாக ஒரு சதைத் தட்டு தெரியும். அதைப் பாறையில் அழுத்திப் பிடித்துக்கொண்டு, ஓட்டம் எவ்வளவு இழுத்தாலும் அசையாமல் பாசியைச் சுரண்டித் தின்னும். ஓடையில் காலை வைத்துக்கொண்டு இருந்தால் வந்து கடித்துப் பார்ப்பவற்றில் இதுவும் ஒன்று. அயிரை வகை மீன்களோ கூழாங்கல்லுக்கு அடியில் படுத்திருக்கும். ஆழமான மடுவில் வேறு மீன், கரையோர வேருக்குள் வேறு மீன்.

பல்வகைமைக் கணக்கெடுப்பு என்பது இவற்றில் எவை எங்கே இருக்கின்றன, ஒவ்வொன்றும் எந்த விகிதத்தில் இருக்கிறது என்று கண்டறியும் வேலை. ஆற்றிலுள்ள மீனையெல்லாம் எண்ணுவது அல்ல. அது யாராலும் முடியாது.

## மாமாங்கத்தில் நின்று ஊர் கேட்பது

ஆடி அமாவாசைத் தீர்த்தத்துக்கு மட்டக்களப்பு மாமாங்கேஸ்வரர் கோயிலில் சனம் நிரம்பி வழியும். எத்தனை ஊர்களிலிருந்து வந்திருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள ஆசை. எல்லோரையும் நிறுத்திக் கேட்க முடியாது. ஒரு கொப்பியை எடுத்துக்கொண்டு தெருவோரம் நின்று, வருபவர்களிடம் ‘நீங்க எந்த ஊர்?’ என்று கேட்கிறீர்கள்.

முதலில் கேட்கும் ஒவ்வொருவரும் புது ஊர் சொல்வார். ஆரையம்பதி, செங்கலடி, களுவாஞ்சிகுடி, கொக்கட்டிச்சோலை. கொஞ்ச நேரத்தில் ஆரையம்பதி மறுபடி வரும், களுவாஞ்சிகுடி மறுபடி மறுபடி வரும். புது ஊர் வருவது குறையும். நூறு பேரைத் தாண்டிய பிறகு எப்போதாவது ஒருவர் திருக்கோவில் என்பார், இன்னொருவர் மூதூர் என்பார்.

உங்கள் நண்பர் இருபது பேரிடம் மட்டும் கேட்டுவிட்டுக் கடலை வாங்கப் போய்விட்டார். அவர் பட்டியலில் ஒன்பது ஊர், உங்கள் பட்டியலில் முப்பது. இதை வைத்து, அவர் நின்ற பக்கம் குறைந்த ஊர்க்காரர்தான் வந்தார்கள் என்று சொல்லலாமா? அவர் கேட்டது குறைவு, அவ்வளவுதான். அடுத்தது, நீங்கள் பஸ் தரிப்பிடத்துக்குப் பக்கத்தில் நின்றிருந்தால் மோட்டார் சைக்கிளில் வந்தவர்கள் உங்கள் கொப்பியில் இல்லை. விடியற்காலையில் தீர்த்தமாடிவிட்டுப் போனவர்களும் இல்லை.

ஆற்றில் மீன் தேடுகிறவர்களுக்கும் இதே கதிதான். ஒவ்வொரு வலை வீச்சும் ஒரு கேள்வி. மேலே வந்த மீன் அதற்குக் கிடைத்த பதில். எத்தனை தடவை கேட்டோம் என்பதற்கு ஆய்வாளர்கள் வைத்திருக்கும் பெயர் முயற்சி அளவு. எத்தனை வீச்சு, எத்தனை மணி நேரம், எத்தனை மீட்டர் ஆறு என்று அது எழுதப்படும். முயற்சி அளவு எழுதாத பட்டியலை வேறு எந்தப் பட்டியலோடும் ஒப்பிட முடியாது.

## கோடு படுக்கும் இடம்

கொப்பியில் ஒரு வரைபு போடுங்கள். கீழே வீச்சுகளின் எண்ணிக்கை, பக்கவாட்டில் அதுவரை கண்ட இனங்களின் எண்ணிக்கை. முதலில் கோடு விறுவிறு என்று ஏறும், பிறகு ஏற்றம் குறையும், கடைசியில் கிட்டத்தட்டப் படுத்துவிடும். இதை இனத் திரள் கோடு என்று சொல்வோம். கோடு இன்னும் ஏறிக்கொண்டிருக்கும்போதே வலையைச் சுருட்டிக்கொண்டு வந்தால் அந்தப் பட்டியல் அரைகுறை என்று அர்த்தம். படுத்த பிறகு வந்தால் ஓரளவுக்கு நம்பலாம்.

இன்னும் கெட்டியான ஒரு தடயம் இருக்கிறது. ஒரே ஒரு தடவை மட்டும் கிடைத்த இனங்கள் எத்தனை என்று பாருங்கள். மாமாங்கத்தில் ஒரே ஓர் ஆள் மட்டும் சொன்ன ஊர்கள் நிறைய இருந்தால், நீங்கள் கேட்காமல் விட்ட ஊர்களும் நிறைய இருக்கும். எல்லா ஊரும் பல தடவை வந்துவிட்டால், விடுபட்டவை குறைவு. அன் சாவோ என்ற தாய்வான் புள்ளியியலாளர் 1984இல் இதை ஒரு சூத்திரமாக்கினார். ஒரு தடவை மட்டும் கண்ட இனங்களின் எண்ணிக்கையை அதனாலேயே பெருக்கி, இரண்டு தடவை கண்டவற்றின் எண்ணிக்கையின் இரட்டிப்பால் வகுத்தால், குறைந்தது எத்தனை இனம் கண்ணில் படாமல் போயிருக்கும் என்று தெரியும்.

நம் 19ஐ எடுத்துக்கொள்வோம். அதில் ஆறு இனம் ஒரே தடவை கிடைத்தன, மூன்று இனம் இரண்டு தடவை கிடைத்தன என்று வைத்துக்கொள்வோம். ஆறை ஆறால் பெருக்கினால் 36. மூன்றின் இரட்டிப்பு ஆறு. வகுத்தால் 6. ஆகக் குறைந்தது 19உம் 6உம், 25 இனம் அங்கே இருந்திருக்கும். பழைய பட்டியலின் 24ஐ விட இது ஒன்று கூட! அழிந்துவிட்டதாகச் சொன்ன ஐந்தும் அழிந்ததற்கு இந்தக் கணக்கில் அத்தாட்சி இல்லை. அழியவில்லை என்பதற்கும் இல்லைதான்.

இதுவரை சொன்னது: இனங்களின் எண்ணிக்கை, தேடிய அளவைப் பொறுத்து மாறும். எவ்வளவு தேடினோம் என்று எழுதினால்தான் அந்த எண்ணுக்குப் பொருள். தேடல் போதுமா என்பதைக் கோடும், ஒற்றையாக வந்த இனங்களும் காட்டிக்கொடுக்கும்.

## பத்தும் பத்தும் சமமா?

இரண்டு இடங்களில் நூறு நூறு மீன் பிடித்தோம். இரண்டிலும் பத்துப் பத்து இனம். ஆனால் முதல் இடத்தில் 91 மீன் திலாப்பியா, மற்ற ஒன்பது இனமும் ஒவ்வொன்று. இரண்டாவது இடத்தில் ஒவ்வோர் இனமும் பத்துப் பத்து. பட்டியலை மட்டும் பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். தண்ணீருக்குள் இறங்கிப் பார்த்தால் அப்படித் தெரியாது.

இந்த வித்தியாசத்தை எண்ணாக்க ஒரு நேரான வழி இருக்கிறது. வாளிக்குள் கண்ணை மூடிக்கொண்டு இரண்டு மீனை எடுங்கள். இரண்டும் வேறு வேறு இனமாக இருக்க வாய்ப்பு என்ன? முதல் இடத்தில் நூற்றுக்கு 17. இரண்டாவது இடத்தில் நூற்றுக்கு 91. இதற்கு சிம்ப்சன் சுட்டி என்று பெயர். 1949இல் வந்த யோசனை, இன்றைக்கும் பாவனையில் இருக்கிறது. பல்வகைமை என்ற சொல்லுக்குள் இரண்டு விஷயமும் அடக்கம்: எத்தனை இனம், அவை எவ்வளவு சமமாகப் பரவியிருக்கின்றன. லொறி லொறியாக ஏற்றுவது இந்த இரண்டில் எதையும் சொல்லாது.

## வலை எதைப் பிடிக்கும், எதை விடும்

கணக்கெடுப்பின் பாதி வேலை இதற்குள்தான் இருக்கிறது. வெளியே பேசுகிறவர்கள் அதிகம் கவனிக்காததும் இதுதான்.

வீச்சுவலை மடுவில் அருமையாக விழும். பாறை நிறைந்த பாய்ச்சலில் எறிந்தால் கல்லில் சிக்கிக் கிழியும், அடியில் இருக்கும் மீனும் இடுக்கு வழியே போய்விடும். அதனால் அங்கே வேறு முறை. ஒருவர் அத்தாங்கு என்ற கைவலையை ஓட்டத்துக்கு எதிராகப் பிடித்துத் தரையோடு அழுத்திக்கொண்டு நிற்பார். இன்னொருவர் அதற்குச் சற்று மேலே நின்று கற்களைக் காலால் புரட்டுவார். கல்லுக்கடியில் இருந்த அயிரை, கர்ரா எல்லாம் ஓட்டத்தோடு வந்து அத்தாங்குக்குள் விழும். கீழிருந்து மேல் நோக்கித்தான் நடப்பார்கள். மேலிருந்து இறங்கி வந்தால், கலக்கிய சேறு முன்னால் போய், அடுத்துத் தேடப்போகும் இடத்தைக் கலங்கடித்துவிடும்.

கண் பெரிய வலையில் சின்ன மீன் நிற்காது. கண் சின்ன வலையைப் பெரிய மீன் கண்டு விலகும், ஓட்டத்தில் அதை இழுக்கவும் முடியாது. அதனால் பல அளவுக் கண்ணுள்ள வலைகளைச் சேர்த்துப் பாவிப்பார்கள். தடைசெய்யப்பட்ட தங்கூசி (ஒற்றை நைலோன் இழை) வலையில் எவ்வளவு மீன் படும் தெரியுமா என்று சிலர் கேட்பார்கள். படும்தான். ஆனால் எண்ணிவிட்டுத் திரும்ப விடவேண்டிய மீனைச் செவுளறுத்துக் கொல்லும் வலையால் என்ன பிரயோசனம்?

மின்சாரம் பாய்ச்சிப் பிடிக்கும் முறையும் உண்டு. முதுகில் பெட்டியைச் சுமந்துகொண்டு, தண்ணீரில் அளவான மின்னோட்டம் விடுவார்கள். நேர் மின்முனையை நோக்கி மீனின் தசைகள் இழுபட, அது தானாக வந்து வலையில் ஏறும். ஆய்வுக்கு மட்டும், பயிற்சி பெற்றவர்கள் அனுமதியோடு செய்வது. வயரைப் போட்டு மீன் பிடிக்கும் சட்டவிரோத வேலையோடு இதைப் போட்டுக் குழப்பக் கூடாது. மலைத் தண்ணீரில் உப்புகள் குறைவு. அதனால் மின்சாரம் சரியாகக் கடத்தப்படாது, இந்த முறைக்கும் அங்கே கை கட்டிப்போய்விடும்.

அப்புறம் நேரம். உன்னிச்சைப் பக்கம் மீன்பிடிக்கும் ஓர் அண்ணனிடம் மீசையுள்ள சுங்கானைப் பற்றி விசாரித்தபோது, ‘மனே, பகல்ல வந்து தேடினா அது எங்க அம்புடும்? ராவைக்கு வா’ என்றார். அவர் சொன்னது பாடப்புத்தகத்திலும் அப்படியே இருக்கிறது. மீசையுள்ள மீன்கள் பல இரவில்தான் வெளியே வந்து இரை தேடும். விலாங்கும் அப்படியே. பகலில் மட்டும் வலை போட்ட பட்டியலில் இரவு மீன்கள் குறைந்திருப்பதில் அதிசயம் இல்லை.

பருவம் இன்னொரு சிக்கல். நமக்கு மழை பெரும்பாலும் நவம்பர் முதல் பெப்ரவரி வரை. அப்போது ஆறு பெருகிக் கலங்கியிருக்கும், மீனும் பரவியிருக்கும், வலைக்குக் குறைவாக வரும். ஆவணி வெயிலில் ஓட்டம் வற்றி, மீனெல்லாம் மடுக்களில் ஒதுங்கும். அப்போது ஒரு வீச்சில் வாளி நிறையும். மார்கழியில் எடுத்த கணக்கையும் ஆவணியில் எடுத்த கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, மீன் கூடிவிட்டது என்று சொன்னால் அதில் அர்த்தம் இல்லை. மீன் கூடவில்லை, தண்ணீர் குறைந்துவிட்டது.

சுருக்கமாகச் சொன்னால், ஒவ்வொரு கருவியும், ஒவ்வொரு நேரமும், ஒவ்வொரு பருவமும் சில மீனைக் காட்டிச் சில மீனை மறைக்கும். நல்ல கணக்கெடுப்பு பாய்ச்சல், மடு, கரை மூன்றிலும், பகலிலும் இரவிலும், மழையிலும் கோடையிலும் தேடும். அடுத்த தடவையும் அதே மாதிரியே தேடும்.

## ‘கிடைக்கவில்லை’ என்றால் ‘இல்லை’ அல்ல

ஒரு மீன் உண்மையில் அந்த ஓடையில் இருக்கிறது. ஆனால் ஒரு தடவை போனால் அது அகப்பட நூற்றுக்கு 30தான் வாய்ப்பு. இதைக் கண்டறியும் வாய்ப்பு என்பார்கள். மூன்று தடவை போய் மூன்று தடவையும் காணாமல் திரும்ப எவ்வளவு வாய்ப்பு? 0.7ஐ மூன்று தடவை பெருக்குங்கள். 0.34 வரும். அதாவது, இருக்கிற மீனையே மூன்று பயணத்திலும் காணாமல் விட மூன்றில் ஒரு பங்கு வாய்ப்பு. எட்டுத் தடவை போனால் அது நூற்றுக்கு ஆறுக்கு இறங்கும்.

அதனால்தான் கெட்டிக்கார ஆய்வாளர்கள் ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போகிறார்கள். புது இடம் பார்க்கும் ஆசையில் ஒவ்வோர் இடத்துக்கும் ஒரே தடவை போய்வந்தால் வரைபடம் அழகாக இருக்கும், ‘இல்லை’ என்று சொல்லும் தைரியம் மட்டும் வராது. அரிய மீனுக்குத்தான் கண்டறியும் வாய்ப்பு மிகக் குறைவு. அழிந்துவிட்டதாக அவசரப்பட்டு அறிவிக்கப்படுவதும் அதுதான்.

பெயர் மாற்றங்களும் பட்டியலைக் குழப்பும். புன்டியஸ் என்ற பேரினத்தில் (நெருங்கிய உறவுள்ள இனங்களின் கூட்டத்தில்) இருந்த தெற்காசியக் கெண்டை வகைகள் பலவற்றை 2012இல் பெத்தியா, டோகின்சியா என்று புதிய பேரினங்களாகப் பிரித்தார்கள். பழைய பட்டியலில் உள்ள பெயர் புதியதில் இல்லையென்றால் மீன் போனதாக அர்த்தமில்லை. இதற்காகத்தான் ஒவ்வோர் இனத்திலும் படம் எடுத்துவைக்கிறார்கள். ஒடுக்கமான கண்ணாடித் தொட்டிக்குள் விட்டு, தலை இடது பக்கம் இருக்க, செட்டை விரிந்த நேரமாகப் பார்த்து எடுப்பார்கள். நீளம் அளக்கும்போது மூக்கு நுனியிலிருந்து வால் செட்டை தொடங்கும் இடம் வரைதான் அளப்பார்கள். வால் நுனி கடிபட்டுக் குறைந்திருக்கலாம் அல்லவா.

## குளத்தோடு ஒப்பிட்டால்

மேல் ஓடையில் எட்டு இனம், குளத்தில் இருபது என்று வந்தால் ஓடை கெட்டுவிட்டது என்று முடிவுகட்டத் தோன்றும். ஆற்றின் இயல்பே அப்படித்தான். மேலே போகப் போக இடம் ஒடுங்கும், உணவு குறையும், இனமும் குறையும். கீழே வர வரக் கூடும். மேலே இருப்பவை கொஞ்சம்தான், ஆனால் அங்கே மட்டும் வாழப் பழகியவை. ஓடையை ஓடையோடுதான் ஒப்பிடவேண்டும்.

அணைகள் இந்தப் படத்தை மாற்றிவிட்டன. கல்லோயாத் திட்டத்தின் வேலை 1949இல் தொடங்கியது. ஓடிய ஆறு தேங்கிய கடல்போலானது. கல்லைப் பற்றி வாழ்ந்த மீனுக்கு அங்கே வேலையில்லை. தேங்கிய தண்ணீர் பிடித்த மீனுக்குப் பொற்காலம். 1950களின் தொடக்கத்தில் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்ட திலாப்பியாதான் இன்று நம் குளங்களின் சோறு. அதைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை, எத்தனையோ குடும்பம் அதில்தான் பிழைக்கிறது. விலாங்கின் கதை வேறு. அது கடலில் பிறந்து, ஆற்றில் ஏறி வளர்ந்து, முட்டையிடக் கடலுக்குத் திரும்பும் மீன். அணை அதன் வழியை மறிக்கிறது.

இன்னொன்றும் நடக்கிறது. உன்னிச்சை, நவகிரி, உறுகாமம் என்று எல்லாக் குளத்திலும் ஒரே வளர்ப்பு மீன் குஞ்சை விட்டால், ஒவ்வொரு குளத்தின் பட்டியலிலும் ஓர் இனம் கூடும். குளங்களுக்கு இடையிலான வித்தியாசமோ குறையும். தனித்தனியாகப் பார்த்தால் வளர்ச்சி, சேர்த்துப் பார்த்தால் எல்லாம் ஒரே முகம். இடத்துக்கு இடம் இனங்கள் எவ்வளவு மாறுகின்றன என்பதும் பல்வகைமையின் ஒரு பகுதிதான்.

## வலையே போடாமல்?

இப்போது தண்ணீரை மட்டும் எடுத்து வடிகட்டி, அதில் மிதக்கும் மரபணுத் துணுக்குகளை வைத்து என்னென்ன மீன் இருக்கின்றன என்று கண்டுபிடிக்கிறார்கள். மீன் உதிர்க்கும் சளி, செதில், கழிவு எல்லாவற்றிலும் அதன் மரபணு இருக்கும். வலைக்கு மசியாத அரிய மீனுக்கு இது நல்ல வழி. ஆனால் ஓடும் தண்ணீர் மேலே இருந்த மீனின் துணுக்கையும் கீழே கொண்டுவரும். எத்தனை மீன், பெரியதா சிறியதா என்று சொல்லாது. ஒப்பிட்டுப் பார்க்க அந்த இனத்தின் மரபணு ஏற்கனவே பதிவாகியிருக்கவும் வேண்டும். வலையின் இடத்தை இது முழுதாகப் பிடிக்காது.

## நீங்களே எழுதிப் பார்க்க

பாதுகாக்கப்பட்ட இனங்களைப் பிடிக்கவும் தேசிய பூங்காவுக்குள் ஆய்வு செய்யவும் வனஜீவராசிகள் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். கல்லோயா தேசிய பூங்கா அதில் சேரும். ஆனால் உங்கள் ஊர் வாய்க்காலில் வழக்கமாக வலை வீசும் ஒருவரோடு போய், அவர் பிடிப்பதை எழுத யாரும் தடுக்கப்போவதில்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் ஏற்ற வேலை. திகதி, நேரம், இடம், மழையா வெயிலா, தண்ணீர் முழங்கால் வரையா இடுப்பு வரையா, வலையின் கண் எத்தனை விரல், எத்தனை வீச்சு, ஒவ்வொரு வீச்சிலும் என்னென்ன, எத்தனை. பெயர் தெரியாத மீனைப் படம் எடுத்து ‘முதலாம் கெண்டை’, ‘இரண்டாம் கெண்டை’ என்று எழுதிக்கொண்டாலும் போதும், பெயரைப் பிறகு கண்டுபிடிக்கலாம். வலை வெறுமையாக வந்த வீச்சுகளைத்தான் எல்லோரும் எழுதாமல் விடுவார்கள். அந்த வரியில் சைபர் போட்டு எழுதுங்கள். இல்லாவிட்டால் முயற்சி அளவு தப்பாகிவிடும், கொப்பியில் எழுதிய மற்றதெல்லாம் அதோடு சேர்ந்து பிழையாகிப்போகும்.